ஜெர்மனியில் மாணவரின் முதல் வாரங்கள்: அறைச் சாவி முதல் வதிவிட அட்டை வரை

ஜெர்மனிக்குப் படிக்க வரும் மாணவருக்கு அங்கே முதலில் வேண்டியது முகவரி. பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டும் எடுக்கக்கூடிய கணக்கில்) போட்டுவைத்த பணம் மாதாமாதம் கைக்கு வருவது, பகுதிநேர வேலைக்கான வரி எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை, விசா முடியும் முன் வாங்க வேண்டிய வதிவிட அனுமதி என்று அடுத்தடுத்து வரும் ஒவ்வொன்றும், 'இவர் இந்த வீட்டில் வசிக்கிறார்' என்று நகராட்சி அலுவலகம் எழுதித் தரும் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். அந்தத் தாள் தாமதமானால் அதன் பின்னால் வரிசையில் நிற்பவை எல்லாம் தள்ளிப்போகும். அதனால் இந்த வழிகாட்டியும் அந்தத் தாளைச் சுற்றியே செல்கிறது. அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு வருபவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஏப்ரலில் வருபவர்களுக்கு இருட்டையும் குளிரையும் பற்றிய பகுதி மட்டும் சில மாதம் பிந்திப் பொருந்தும்.

அறை: விமானம் ஏறும் முன்பே முடிக்க வேண்டியது

ஒவ்வொரு பல்கலைக்கழக நகரிலும் ஷ்டுடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு உண்டு. மாணவர் விடுதிகளையும், மென்சா எனப்படும் உணவகத்தையும் நடத்துவது அதுதான். அதன் விடுதி வாடகை வெளிச்சந்தையைவிடப் பெரும்பாலும் குறைவு; ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளமானது, மியூனிக் போன்ற நகரங்களில் செமஸ்டர் கணக்கில் காத்திருக்க நேரும். சேர்க்கைக் கடிதம் கிடைத்த அன்றே, விசா வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிராமல், விடுதிக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

விடுதி கிடைக்காதவர்கள் பெரும்பாலும் ஒரு வீட்டை மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் 'வேகே' முறையில் அறை தேடுகிறார்கள். விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்று போட்டிருந்தால் அது வெறும் இடத்துக்கான வாடகை. வார்ம்மீட்டே என்றால் வெப்பமூட்டும் செலவும் பொதுச் செலவுகளும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் அதில் அடங்குமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டே அளவுக்குத்தான் இருக்கலாம் என்பதும், அதை மூன்று தவணைகளில் கட்டலாம் என்பதும் சட்டம். இது பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

மோசடி விளம்பரங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. நகரின் நடுவில் அழகான வீடு, பாதி வாடகை, உரிமையாளர் வேறு நாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவார். வீட்டை நேரிலோ நேரலை வீடியோவிலோ பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமல் ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது.

அறையைப் பேசி முடிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு, வாடகையைவிட அதை முக்கியமாகக் கருதுகிறேன்: "இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்யலாமா?" அன்மெல்டுங் என்பது முகவரிப் பதிவு. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுபவர்கள் இந்தக் கேள்விக்கு மழுப்புவார்கள். மழுப்பினால் அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுவதே மேல்.

கையில் வைத்திருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், மதிப்பெண் சான்றிதழ்களின் மூலப் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ், பிளாக்டு அக்கவுண்ட் உறுதிக் கடிதம், காப்பீட்டுக் கடிதம், வாடகை ஒப்பந்தம் ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் அல்ல. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து முதல் மாதப் பணம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், முன்பணம், முதல் வாடகை, செமஸ்டர் கட்டணம், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து அதற்குரிய தொகையை ரொக்கமாகவும் பன்னாட்டு அட்டையிலுமாகக் கொண்டுவர வேண்டும். ரொக்கம் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது சுங்கத் துறையிடம் அறிவிப்பது கட்டாயம்.

மாணவர்களுக்கான அரசுமுறை மருத்துவக் காப்பீடு செமஸ்டர் தொடங்கும்போதோ பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும்போதோதான் உயிர்பெறும். செப்டம்பரில் வந்து இறங்குபவர்களுக்கு இடைப்பட்ட நாட்களுக்குப் பயணக் காப்பீடு இல்லாமல் இருப்பது ஆபத்து. தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் மருத்துவரின் சீட்டையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

இறங்கிய நாள்

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. அருகிலுள்ள ஊர்களுக்குச் செல்லும் ரயில்கள் ஒன்றிலிருந்தும், ஐசிஇ போன்ற தொலைதூர விரைவு ரயில்கள் மற்றொன்றிலிருந்தும் புறப்படும். பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுவது முதல் நாளின் உற்சாகத்தை வடித்துவிடும். பயணச்சீட்டில் எந்த நிலையம் என்று பார்த்துக்கொண்டு நடப்பது போதும்.

மாநில அளவிலான பயணச்சீட்டுகளும், நாடு முழுவதற்குமான டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் மெதுவாகச் செல்லும் வட்டார ரயில்களுக்கும் நகரப் போக்குவரத்துக்கும் மட்டுமே செல்லும். அவற்றை வைத்துக்கொண்டு ஐசிஇயில் ஏறினால் பயணச்சீட்டு இல்லாதவராகவே நடத்தப்படுவீர்கள். சில நகரங்களில் காகிதச் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, நடைமேடையிலோ பேருந்திலோ உள்ள சிறு பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தியாக வேண்டும். நகரப் போக்குவரத்தில் சீட்டில்லாப் பயணத்துக்கான அபராதம் 60 யூரோ. 'எனக்குத் தெரியாது' என்பதைப் பரிசோதகர் தினமும் பத்துப் பேரிடம் கேட்பவர்.

முடிந்தால் வாரநாளில், பகலில் இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் போன்ற சில இடங்களில் உள்ள கடைகள் மட்டும் திறந்திருக்கும். மாணவர்கள் வந்து சேரும் காலத்திலேயே அக்டோபர் 3 ஜெர்மன் ஒன்றிணைப்பு நாள் விடுமுறை வருகிறது. அது சனிக்கிழமையில் அமைந்துவிட்டால் அடுத்தடுத்து இரண்டு நாள் கடை கிடையாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதால் தண்ணீருக்குக் கவலை வேண்டாம். தலையணையும் போர்வையும்தான் பிரச்சினை, ஏனென்றால் பல விடுதி அறைகளில் மெத்தை மட்டுமே இருக்கும்.

சிம் அட்டை வாங்கினால் மட்டும் அது வேலை செய்யாது. 2017 முதல் ப்ரீபெய்ட் சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டைக் காட்டியோ, தபால் நிலையத்தில் நேரில் காட்டியோ அதை முடிக்கலாம்.

சாவி வாங்கும் அரைமணி நேரம்

அறையை ஒப்படைக்கும்போது சுவர், தரை, ஜன்னல், அடுப்பு ஆகியவற்றின் நிலையை ஒரு தாளில் குறித்து இரு தரப்பும் கையெழுத்திடுவது வழக்கம். களைப்பில் படிக்காமல் கையெழுத்திடுபவர்கள்தான் போகும்போது முன்பணத்தில் ஒரு பகுதியை இழக்கிறார்கள். கீறல், கறை, உடைந்த கைப்பிடி எதுவானாலும் அந்தத் தாளில் ஏறியிருக்க வேண்டும். அறை முழுவதையும் அன்றே படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டால் தேதிக்கும் சாட்சி கிடைத்துவிடும்.

அதே அரைமணி நேரத்தில் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற ஒருபக்கப் படிவத்தையும் நிரப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். பெயரை உச்சரிக்கவே ஒரு வாரம் ஆகும், ஆனால் உள்ளடக்கம் எளிது: வீடு கொடுப்பவரின் பெயரும் முகவரியும், வீட்டின் முகவரி, குடிவந்த தேதி, குடிவந்தவரின் பெயர். இதைக் கொடுப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதுமே என்று நினைப்பவர்கள் பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பி வருகிறார்கள்.

பிறகு கீழே இறங்கிப் போய்க் கடிதப் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இந்தச் சின்ன வேலைக்கு ஒரு பத்தி ஒதுக்கக் காரணம் உண்டு. ஜெர்மனியில் முகவரி என்பது பெரும்பாலும் தெருப் பெயரும் கட்டட எண்ணும் மட்டுமே. வீட்டுக்கு வீடு கதவு எண் எழுதும் வழக்கம் பரவலாக இல்லை. இருபது குடும்பங்கள் இருக்கும் கட்டடத்தில் தபால்காரர் பெட்டிகளின் மேல் உள்ள பெயர்களைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். நான் வந்த புதிதில் என் பெட்டியில் எனக்கு முன் இருந்தவரின் பெயரே இருந்தது. அறை எண் இருக்கிறதே, அது போதாதா என்று விட்டுவிட்டேன். வரி எண் கொண்டுவந்த கடிதம் திரும்பிப் போனது. மறுபடியும் கேட்டால் அந்த எண்ணைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ சொல்ல மாட்டார்கள், கடிதத்தில்தான் அனுப்புவார்கள். அதற்கும் வாரங்கள் ஆயின; சேர்ந்திருந்த பகுதிநேர வேலையின் முதல் சம்பளம் அதுவரை நின்றது. ஒரு துண்டுக் காகிதமும் ஒட்டும் நாடாவும் செய்திருக்க வேண்டிய வேலை அது.

நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருந்தால், ஜெர்மனியில் அதுதான் உங்கள் பெயர். கடிதங்கள் அப்பாவின் பெயருக்கு வரும், மருத்துவமனையில் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதல் சில வாரங்கள் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதே உறைக்காது. பெட்டியில் ஒட்டும் பெயரில் அது கட்டாயம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு, பதிவு அலுவலகம் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே எழுத வேண்டும். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் விரிவான பெயர் என்று கலந்தால் கணினிக்கு நீங்கள் இரண்டு பேர்.

அன்மெல்டுங்

குடிவந்த 2 வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது கூட்டாட்சிப் பதிவுச் சட்டம். அலுவலகத்தின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ப்யூர்கராம்ட், ப்யூர்கர்ப்யூரோ என்ற பெயர்களை அதிகம் காணலாம். இணையத்தில் முன்நேரம் வாங்க வேண்டும். அதை அங்கே 'டெர்மின்' என்கிறார்கள். மூன்று மாதத்தில் நீங்களும் தமிழில் பேசும்போதே அப்படித்தான் சொல்வீர்கள். பெர்லின் போன்ற பெரிய நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் டெர்மின் கிடைப்பதே அரிது. பிறர் ரத்து செய்யும் நேரங்கள் அவ்வப்போது தளத்தில் வந்து விழும் என்பதால், ஒருமுறை பார்த்து இல்லையென்று விட்டுவிடாமல் காலையில் மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். பெர்லினில் நகரின் எந்த வட்டார அலுவலகத்திலும் பதியலாம், வீட்டுக்கு அருகிலுள்ளதுதான் என்ற கட்டாயம் இல்லை. டெர்மின் தேதி தள்ளிக் கிடைத்தால், முன்பதிவு செய்த உறுதிப்படுத்தலை வைத்துக்கொள்ளுங்கள். கெடுவுக்குள் முயன்றதற்கு அதுவே சான்று.

கொண்டுபோக வேண்டியவை: விசா ஒட்டிய பாஸ்போர்ட், நிரப்பிய பதிவுப் படிவம், வீட்டுக்காரர் தந்த உறுதித் தாள். உள்ளே வேலை பத்து நிமிடத்துக்கு மேல் இராது. ஆனால் படிவத்தில் மதம் என்ற கட்டத்தை யோசிக்காமல் நிரப்பக் கூடாது. கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபைகள் போன்ற சிலவற்றின் உறுப்பினர்களிடம் வருமான வரியின் மேல் தேவாலய வரி பிடிக்கப்படும்: பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் வரித் தொகையில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். வருமான வரியே கட்டாத மாணவருக்கு இப்போது அதனால் செலவில்லை. படித்து முடித்து வேலைக்குப் போகும்போது தெரியும். திருச்சபையைச் சேர்ந்தவர்கள் இதை அறிந்தே எழுத வேண்டும். மற்றவர்களுக்கு இந்தக் கட்டத்தால் எந்தச் செலவும் இல்லை.

வெளியே வரும்போது கையில் இருக்கும் தாளை அன்றே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் இரண்டு கடிதங்கள் தானாக வரும். ஒன்று 11 இலக்க வரி அடையாள எண். வாழ்நாள் முழுவதற்கும் அது ஒன்றுதான். மற்றொன்று பொது ஒலிபரப்புக் கட்டணத்துக்கான கடிதம். 'என்னிடம் டிவியே இல்லையே' என்று அதைக் கிழித்துப் போடுபவர்கள் உண்டு. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்பதுதான் விதி. பல மாதம் கழித்து அபராதத்தோடு சேர்ந்து வரும்போது கிழிப்பது கடினம். ஆனால் கட்டணம் வீட்டுக்குத்தான், தலைக்கு அல்ல. வேகேயில் ஒருவர் ஏற்கெனவே கட்டிவந்தால் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதி, தொகையை உங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம்.

வங்கியும் காப்பீடும்

2024 செப்டம்பர் முதல் மாணவர் விசாவுக்குப் பிளாக்டு அக்கவுண்டில் காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ. அந்தப் பணம் விடுவிக்கப்பட உங்கள் பெயரில் ஜெர்மனியில் ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும். முகவரிப் பதிவுத் தாளைக் கேட்கும் வங்கிகளும் உண்டு, பாஸ்போர்ட்டோடு திறக்கவிடும் இணைய வங்கிகளும் உண்டு. அவசரத்துக்கு இரண்டாவது வகை உதவும். கணக்கு எண் வந்ததும் பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனத்துக்குத் தெரிவித்து, அவர்கள் கேட்கும் தாள்களை அனுப்பினால் மாதத் தொகை வரத் தொடங்கும்.

காப்பீட்டில் ஒரு முடிவு மட்டும் திரும்பப் பெற முடியாதது. 30 வயதுக்குக் குறைந்தவர்கள் அரசுமுறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். மலிவாக இருக்கிறதென்று விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டுக்குப் போனால், படிப்பு முடியும் வரை பொதுவாக மீண்டும் உள்ளே வர முடியாது. ஆரோக்கியமாக இருக்கும் 22 வயதில் அந்த மலிவு கவர்ச்சியாகத்தான் இருக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன். சேர்ந்தபின் உங்கள் காப்பீட்டு நிலையை நிறுவனமே மின்னணு முறையில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கும். அது போய்ச் சேராமல் மாணவர் பதிவு முடியாது என்பதால் போய்விட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரவிலோ வார இறுதியிலோ உடல்நலமில்லாமல் போய், உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 116117 என்ற எண், உயிர் ஆபத்து, தீ என்றால் 112, காவல்துறை 110.

வகுப்புகள்

கால அட்டவணையில் '10 சி.டி.' என்று போட்டிருந்தால் வகுப்பு 10:15க்குத் தொடங்கும்; 'எஸ்.டி.' என்றால் சரியாகப் பத்துக்கு. இது லத்தீன் காலத்து வழக்கம், எல்லாத் துறைகளிலும் இல்லை. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை, விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். முதல் நாள் அரங்கம் முழுவதும் அந்தச் சத்தம் எழும்போது ஏதோ கலவரம் என்று திரும்பிப் பார்த்தவன் நான்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வகுப்புக்குப் பதிவு செய்வதும் தேர்வுக்குப் பதிவு செய்வதும் பெரும்பாலான துறைகளில் இரண்டு தனித்தனி வேலைகள். செமஸ்டர் முழுவதும் ஒரு வகுப்பும் தவறாமல் உட்கார்ந்திருந்தாலும், தேர்வுப் பதிவின் கடைசித் தேதியைத் தவறவிட்டால் எழுத முடியாது, யாரும் நினைவூட்டவும் மாட்டார்கள். ஒரு தேர்வை எத்தனை முறை எழுதலாம், எந்தத் தேதி வரை விலகலாம் என்பதெல்லாம் உங்கள் படிப்புக்கான தேர்வு விதிமுறை நூலில் இருக்கும். அது ஜெர்மன் மொழியில் மட்டும் இருந்தாலும் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்தாவது முதல் மாதத்திலேயே படித்துவிட வேண்டும். மதிப்பெண்ணும் தலைகீழ்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி.

வீட்டுக்குள்

குளிர்காலத்தில் ஜன்னலைச் சாத்தியே வைத்துச் சமைத்து, துணியும் அறைக்குள்ளேயே உலர்த்தினால் சில வாரங்களில் மூலையில் கறுப்புப் பூஞ்சை படரும். அதன் செலவு முன்பணத்திலிருந்து போகும். ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை முழுவதும் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று மாற்றுவது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. நாள் முழுவதும் லேசாகத் திறந்து வைப்பது சுவரைக் குளிரவைக்கும், வேறு பயன் இல்லை. குப்பையைப் பிரிக்கும் முறையை உடன் வசிப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறங்கள் ஊருக்கு ஊர் சற்று மாறும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. நசுக்காமல் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதன்பின் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும், டிசம்பரில் நான்கு மணிக்கே. இந்தியா, இலங்கையோடான நேர வித்தியாசம் மூன்றரை மணியிலிருந்து நாலரை மணியாகும். நீங்கள் வகுப்பு முடிந்து அறைக்கு வரும் நேரத்தில் வீட்டில் தூங்கப் போயிருப்பார்கள். வந்த வேகம் அடங்கி, அலுவலக அலைச்சல் முடிந்து, வெறுமை வந்து உட்காருவது பெரும்பாலும் இந்த நவம்பரில்தான். வீட்டோடு பேசும் நேரத்தை மதியத்துக்கு மாற்றிக்கொள்வதும், வெளிச்சம் இருக்கும்போது ஒருமுறையாவது வெளியே நடப்பதும் எனக்குக் கைகொடுத்தன. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் ஷ்டுடீரெண்டன்வெர்க்கின் உளநல ஆலோசனைப் பிரிவை அணுகலாம். பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசுவார்கள்.

வதிவிட அனுமதி

நுழைவு விசா பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்களுக்குத்தான் இருக்கும், சிலருக்கு மட்டும் ஓராண்டு. அது முடிவதற்குள் ஆஸ்லெண்டர்பெஹோர்டே எனப்படும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். டெர்மின் கிடைக்க மாதங்கள் ஆகும் நகரங்கள் உண்டு என்பதால், முகவரிப் பதிவு முடிந்த வாரத்திலேயே தொடங்குங்கள். விசா முடியும் தேதிக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை தங்கும் உரிமை தொடரும். அதற்குச் சான்றாக ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலத் தாளைக் கேட்டு வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப முடியுமா என்பது தாளின் வகையைப் பொறுத்தது. விடுமுறைக்கு விமானச் சீட்டு எடுக்கும் முன் அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அட்டை பெர்லினில் அச்சாகி வரச் சில வாரங்கள் ஆகும். கைக்கு வந்ததும் பெயரின் எழுத்துகளையும் முடியும் தேதியையும் சரிபாருங்கள். வேலை செய்யும் உரிமை சிலருக்கு அட்டையிலும், பலருக்குக் கூடவே தரும் மடித்த பச்சைத் தாளிலும் எழுதப்பட்டிருக்கும்: 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள், பல்கலைக்கழகத்திலேயே செய்யும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. அட்டை முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பான ஒரு நாளைத் தொலைபேசி நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள். புதுப்பிப்பதற்கும் அதே டெர்மின் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும். இடையில் வீடு மாறினால் புதிய முகவரியை மீண்டும் 2 வாரத்துக்குள் பதிய வேண்டும், அட்டையிலும் புதிய முகவரி ஒட்டப்பட வேண்டும். புதிய கட்டடத்தின் கடிதப் பெட்டியில் பெயர் ஒட்டுவது சாவி வாங்கிய அன்றே.